பயந்த கோளாறு

போன புதன்கிழமை காலை ஆறே காலுக்கு ஒரு வீட்டு வாசலில் என் பள்ளி வேனை நிறுத்தி ஹாரன் அடித்தேன். முதலாம் ஆண்டு படிக்கும் பாப்பா வெளியே வரவில்லை. உள்ளே ஒரே அழுகை. கொஞ்ச நேரத்தில் அவள் அம்மா, தோளில் இரண்டு மாதக் கைக்குழந்தையோடு, இன்னொரு கையால் இவளை இழுத்துக்கொண்டு வந்தார். "என்னன்னே தெரியல அக்கா. மூணு வாரமா இப்படித்தான். ராத்திரியில படுக்கையை நனைச்சிடுறா. நாலு வயசுலேயே விட்ட பழக்கம். சாப்பிடக் கூப்பிட்டா அடம், குளிக்கச் சொன்னா அடம். நீங்கதான் இத்தனை பிள்ளைங்களைப் பார்க்கிறீங்களே, இதெல்லாம் திமிருதானே?"

வேனில் எட்டுப் பிள்ளைகள் காத்திருந்தார்கள். இன்னும் மூன்று வீடு பாக்கி. சாயங்காலம் பேசுவோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். சாயங்காலம் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்று அவர் கிளினிக் போய்விட்டார். என்ஜினை ஓடவிட்டுக்கொண்டு வாசலில் நின்று பேசுகிற விஷயமும் இல்லை இது. அதனால் எழுதுகிறேன். அவருக்காக எழுதத் தொடங்கினாலும் என் வேனில் பிள்ளை அனுப்பும் எல்லோரும் படிக்கட்டும்.

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பதினோரு வருடமாகப் பள்ளி வேன் ஓட்டுகிறேன். நான் பிறந்தது ரப்பர்த் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். அம்மாவும் அப்பாவும் பால்மரம் சீவினார்கள். இப்போது அந்த இடமெல்லாம் செம்பனை, எண்ணெய் எடுக்கிற பனை. லயத்தை விட்டு வந்த குடும்பங்கள் டவுனைச் சுற்றி இருக்கும் தாமான் என்கிற வீட்டுக் குடியிருப்புகளில் சிதறிப்போனதால்தான் என்னைப் போன்றவர்களுக்கு இந்த வேலையே இருக்கிறது. நான் டாக்டர் இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் என் மகனிடமிருந்து தெரிந்துகொண்டது. அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேரு மட்டும் போடாதம்மா" என்றான். சரி, தம்பி என்றே சொல்கிறேன்.

தம்பி ஆறாம் ஆண்டு முடிக்கும் வரை என் வேனில் முன் சீட்டு அவனுடையது. பக்கவாட்டுக் கதவைத் திறந்து மூடுகிற வேலையும் அவனுடையதுதான். சின்னப் பிள்ளைகளின் பையை வாங்கி உள்ளே வைப்பான், எல்லோரும் ஏறியதும் "ஓகேம்மா, போலாம்" என்பான். அந்தக் குரலைக் கேட்காமல் நான் கியர் போட்டதில்லை.

2024 மார்ச்சில் இடைநிலைப்பள்ளிக்குப் போனான். ஆறாம் ஆண்டு முடிவில் எழுதும் யூ.பி.எஸ்.ஆர். தேர்வை 2021-இலேயே நீக்கிவிட்டார்கள், ஆனால் மலாயில் தேர்ச்சி போதாத தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பான முதலாம் படிவத்துக்கு முன் ஒரு வருடம் புதுமுக வகுப்பில் உட்காரும் வழக்கம் அப்படியே இருக்கிறது. தம்பிக்கு அதுதான் வந்தது. அவனோடு ஆறு வருடம் ஒன்றாகச் சுற்றிய மூன்று பையன்களும் நேரே முதலாம் படிவம் போய்விட்டார்கள். ஒரே பள்ளி, ஒரே கேண்டீன். ஆனால் வேறு கட்டடம், வேறு ஓய்வு நேரம். "ஒரு வருஷம் தானேய்யா, மலாய் நல்லா வந்துடும்" என்று நான் சொன்னேன். அவனும் தலையாட்டினான்.

மாற்றம் ஒரே நாளில் வந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும். ஏப்ரலில் முன் சீட்டை விட்டுப் பின் வரிசை மூலைக்குப் போனான். பெரியவனாகிவிட்டான், அம்மா பக்கத்தில் உட்காரக் கூச்சம் என்று நினைத்தேன். கதவு திறக்கும் வேலையை ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன் எடுத்துக்கொண்டான். சாயங்காலம் திடலில் பந்து விளையாடப் போவது நின்றது. தங்கச்சி பென்சிலை எடுத்தாள் என்று அவள் கையை முறுக்கினான். அதுவரை அவளைக் கிள்ளக்கூட மாட்டான். இரவு பதினொன்றுக்கும் கைப்பேசியில் வெளிச்சம் தெரியும். காலையில் எழுப்பினால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வான். நான் இதற்கெல்லாம் பெயர் வைத்தேன். சீட்டு மாறியதற்குக் கூச்சம், தங்கச்சியை அடித்ததற்குத் திமிர், எழுந்திருக்காததற்குச் சோம்பல், எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போன். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணம் என் கையில் இருந்ததால் எல்லாம் ஒன்றுதானோ என்று யோசிக்கவே இல்லை.

ஒரு நாள் அவன் பையைத் துவைக்க எடுத்தேன். உள்ளே மலாய்ப் பயிற்சிப் புத்தகம். ஒரு பக்கத்தில் நடுவே ஓட்டை. அழிரப்பரால் தேய்த்துத் தேய்த்துத் தாள் கிழிந்து, கீழே இருந்த தாளிலும் பாதி தேய்ந்திருந்தது. புரட்டிப் பார்த்தால் அப்படி ஏழெட்டுப் பக்கம். ஒரு சொல்லை எழுதி, அழித்து, மறுபடி அதே சொல்லை எழுதி, மறுபடி அழித்திருக்கிறான். எழுதியிருந்தது சரியான எழுத்துதான். நான் என்ன செய்தேன் தெரியுமா? "புத்தகத்தை இப்படியா பாழாக்குவே?" என்று திட்டினேன்.

அப்புறம் வயிற்றுவலி. காலையில் பசியாற உட்கார்ந்தால் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் போடுவான், வாய்க்குப் போகாது. வயிறு வலிக்குது என்பான். ஒரு தனியார் கிளினிக்குக்கு மூன்று முறை கூட்டிப்போனேன். மூன்று முறையும் கேஸ்ட்ரிக் என்று வெள்ளை மருந்து பாட்டில் கொடுத்தார்கள். மே கடைசியில் பள்ளி விடுமுறை விட்டதும் வலி மாயமாகிவிட்டது. ஒரு வாரம் நன்றாகச் சாப்பிட்டான், தங்கச்சியோடு கேரம் விளையாடினான். பள்ளி திறப்பதற்கு முந்தின இரவு மறுபடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். அவ்வளவுதான், நடிக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டேன். மறுநாள் காலையில் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான். வேனுக்கு நேரமாகிறது. கதவைத் தட்டித் தட்டி, அவன் திறந்ததும் ரோத்தான் பிரம்பால் காலில் மூன்று அடி போட்டேன். அவன் அழவில்லை. அடி விழுந்த இடத்தைக்கூடத் தடவவில்லை. அந்த முகத்தை நான் மறக்கவே மாட்டேன்.

அன்றைக்கு வேன் சுற்று முடிந்து வந்தபோது என் மாமியார் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். எழுபத்து நான்கு வயது, நாற்பது வருடம் பால்மரம் சீவிய கை. "நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதே" என்று தொடங்கினார். "பையன் முகத்துல ரெண்டு மாசமா களையே இல்ல. ராத்திரி தூக்கத்துல உலுக்கி விழறான், நான் பக்கத்துல படுக்கிறேன், எனக்குத் தெரியும். இது திமிரு இல்லம்மா. பயந்த கோளாறு. என் ராசா எதையோ பார்த்துப் பயந்திருக்கான்."

அத்தை அவனைச் சாயங்காலம் மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய்த் திருநீறு போட்டு, எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார். நான் அதைக் குறை சொல்லமாட்டேன். அன்று இரவு அவன் தன் பாட்டியின் மடியில் தலை வைத்துத் தூங்கினான். இரண்டு மாதத்தில் அவனை ஒருவர் திட்டாமல், கேள்வி கேட்காமல், கையைப் பிடித்துக் கூட்டிப்போனது அதுதான் முதல் தடவை. ஒன்றிரண்டு நாளில் வயிற்றுவலி திரும்ப வந்தது, அது வேறு விஷயம். கோயிலோடு நின்றிருந்தால் நாங்கள் தோற்றிருப்போம்.

ஆனால் அந்தச் சொல் என்னை விடவில்லை. பயந்த கோளாறு. நம்முடைய கிழவிகளுக்கு இதற்கெல்லாம் சொல் இருந்திருக்கிறது. தம்பியோ தங்கையோ பிறந்ததும் பாலும் மடியும் பறிபோய் நோஞ்சானாகிற பிள்ளையைச் சவலை என்றார்கள். அம்மா வெளியூர் போனால் காய்ச்சலில் விழுகிற பிள்ளையை ஏங்கிப்போச்சு என்றார்கள். மனசில் பட்டது பிள்ளையின் உடம்பில் வரும் என்று எந்தப் படிப்பும் இல்லாமல் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சொற்களை நாங்கள் லயத்திலேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம். இப்போது எங்கள் தாமானில் பிள்ளைகளைப் பற்றிக் கேட்கிற சொற்கள் மூன்றுதான்: திமிரு, சோம்பேறி, போன் பைத்தியம். மூன்றும் பிள்ளையைக் குற்றவாளியாக்கும் சொற்கள். ஏங்கிப்போச்சு என்று சொன்னால் பிள்ளையைத் தூக்கத் தோன்றும். திமிரு என்றால் ரோத்தானை எடுக்கத்தான் தோன்றும். நான் எடுத்தேனே.

என் வேனில் வரும் ஒரு பிள்ளையின் அம்மா அரசாங்கக் கிளினிக்கில் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக இருக்கிறார். அவரிடம் அத்தை சொன்னதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "கிளினிக்குக்குக் கூட்டிட்டு வாங்க அக்கா. கேஸ்ட்ரிக்குன்னு மட்டும் சொல்லாதீங்க. தூக்கம், கோபம், விளையாட்டு நின்னது எல்லாத்தையும் சொல்லுங்க" என்றார். இந்த ஒரு வரி எனக்குப் பெரிய உதவி. அதுவரை டாக்டரிடம் வயிற்றை மட்டும் காட்டிவிட்டு, மற்றதெல்லாம் குணம் என்று வீட்டிலேயே வைத்திருந்தேன்.

அரசாங்கக் கிளினிக்கில் கட்டணம் ஒரு வெள்ளிதான், அதாவது ஒரு ரிங்கிட். டாக்டர் சின்ன வயதுப் பெண். முதலில் உடம்பைத்தான் பார்த்தார். ரத்தம், சிறுநீர், எடை, கண், காது. ரத்தச் சோகை இருந்தாலும் தைராய்டு கோளாறு இருந்தாலும் பிள்ளை சோர்ந்துபோகும், எரிந்து விழும், அதை முதலில் தள்ளிவிட வேண்டும் என்றார். அப்புறம் கேட்டார்: எப்போதிருந்து? வாரத்தில் எத்தனை நாள்? எந்தெந்த நாள்?

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பன்னிரண்டு பிள்ளைகளில் யார் எந்த நாள் வரவில்லை, யார் எந்த மாதக் காசு பாக்கி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஏனென்றால் எல்லாம் 555 புத்தகத்தில் இருக்கும். சட்டைப்பையில் வைக்கிற அந்தக் குட்டி நோட்டு, கடன் எழுதிவைக்கும் கடைக்காரர்கள் எல்லோரிடமும் இருக்குமே, அதுதான். அப்போதுதான் நினைவு வந்தது. தம்பி வேனில் வராத நாட்களையும் அதே புத்தகத்தில் நானேதான் எழுதியிருக்கிறேன். பெட்ரோல் கணக்குக்குப் பக்கத்தில், ஓரத்தில், "தம்பி வயிறு" என்று.

வீட்டுக்கு வந்து புரட்டினேன். ஏப்ரல் 22 திங்கள், தம்பி வயிறு. 25 வியாழன், தம்பி வயிறு. மே 6 திங்கள். மே 9 வியாழன். மே 13 திங்கள், மே 16 வியாழன். செவ்வாய் ஒன்றுகூட இல்லை. புதனும் இல்லை. அவன் கால அட்டவணையை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். திங்களும் வியாழனும் முதல் பாடம் மலாய் வாசிப்பு. ஒவ்வொருவராக எழுந்து நின்று சத்தமாக வாசிக்க வேண்டும்.

அவனிடம் நேராகக் கேட்கவில்லை. மிஸ்ஸி சொல்லிக் கொடுத்தபடி, வேனில் நாங்கள் இருவரும் மட்டும் இருந்தபோது, ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "ஐயா, திங்களும் வியாழனும்தான் வயிறு வலிக்குது போல. அம்மா கவனிக்காம விட்டுட்டேன்." பதில் இல்லை. சிக்னல் தாண்டி, மார்க்கெட் தாண்டி, பெட்ரோல் ஸ்டேஷன் வரை பதில் இல்லை. அப்புறம் பின் மூலையிலிருந்து குரல் மட்டும் வந்தது. "நான் வாசிச்சா எல்லாரும் என்னை மாதிரியே வாசிச்சுக் காட்டுறாங்கம்மா." அப்புறம், "கேண்டீன்லயும்." முகத்தைப் பார்த்துக் கேட்டிருந்தால் சொல்லியிருக்கமாட்டான். பிள்ளைகள் காரில், வேனில், பாத்திரம் கழுவும்போது, இருட்டில் படுத்திருக்கும்போதுதான் பேசுவார்கள். இத்தனை வருடம் வேன் ஓட்டியதில் இதை நான் உறுதியாகச் சொல்வேன்.

அடுத்த முறை 555 புத்தகத்தையே டாக்டரிடம் கொடுத்தேன். பெட்ரோல் கணக்கோடு சேர்த்துப் படித்தார். வலி நடிப்பில்லை என்று அவர் விளக்கிய விதம் இன்னும் மனதில் இருக்கிறது. பயம் வந்தால் உடம்பு ஓடத் தயாராகிவிடும். நெஞ்சு படபடக்கும், ரத்தம் வயிற்றைவிட்டுக் கை கால்களுக்குப் பாயும், குடல் இறுகும். மூளைக்கும் குடலுக்கும் நேர் நரம்பு இருக்கிறது. பாம்பைப் பார்த்தால் ஒரு நிமிடம் வருவது இவனுக்கு வகுப்பை நினைத்தாலே மணிக்கணக்கில் வருகிறது. விடுமுறையில் வலி நின்றது பொய்க்கு அடையாளம் இல்லை, பயப்பட எதுவும் இல்லை என்பதற்கு அடையாளம். இன்னொன்றும் சொன்னார். வீட்டில் இருந்துவிட்டால் வலி உடனே நின்றுவிடுகிறது, அதை மூளை பாடமாக எடுத்துக்கொள்கிறது. அதனால் போகாத ஒவ்வொரு நாளும் அடுத்த நாளை இன்னும் கஷ்டமாக்கும். அடித்து அனுப்பினாலும் தவறு, வீட்டிலேயே வைத்துக்கொண்டாலும் தவறு. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது, அதற்கு ஆள் துணை வேண்டும் என்றார். பெயர் மனப்பதற்றம் என்றார். பயந்த கோளாறு என்று அத்தை சொன்னதற்கும் இதற்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

25 கேள்விகள் உள்ள ஒரு தாள் கொடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் உண்மையில்லை, ஓரளவு உண்மை, நிச்சயம் உண்மை என்று மூன்று பதில். அந்தத் தாள் தமிழிலும் உண்டு, எங்களுக்கு மலாயில் கிடைத்தது. மூன்றாவது கேள்வியே அடிக்கடி தலைவலி, வயிற்றுவலி என்கிறானா என்பதுதான். நான் ஒன்று, என் கணவர் ஒன்று, வகுப்பாசிரியர் ஒன்று நிரப்பினோம். செம்பனைக் குலை லோரி ஓட்டும் என் கணவர் வாரத்தில் பாதி நாள்தான் வீட்டில் இருப்பார். நான் "கோபம் வருகிறது" என்பதில் உண்மை போட்டிருந்தேன், அவர் இல்லை என்று போட்டிருந்தார். ஆசிரியரோ அமைதியான பையன், ஒரு தொந்தரவும் இல்லை என்று எழுதியிருந்தார். மூன்று பேரும் மூன்று பையனைப் பார்த்திருக்கிறோம். அதனால்தான் மூன்று தாள் கேட்கிறார்கள்.

ஈப்போவில் மனநல மருத்துவரைப் பார்க்கக் கடிதம் கொடுத்தபோது வீட்டில் பெரிய சண்டை. "என் பையனைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பப் போறியா?" என்று என் கணவர் கத்தினார். பேராக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தஞ்சோங் ரம்புத்தானில் 1911-இல் திறந்த மனநல மருத்துவமனை இன்றும் இருக்கிறது, பெயர் பஹாகியா உலு கிந்தா. பஹாகியா என்றால் மகிழ்ச்சி. எங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரம்தான். ஆனால் நூறு வருடமாக அந்த ஊர்ப்பெயரே வசைச்சொல்லாகிவிட்டது. சின்ன வயதில் நாங்களும் ஒருவரையொருவர் அப்படித்தான் கேலி செய்தோம். அங்கே வேலை பார்ப்பவர்களும் சிகிச்சை எடுப்பவர்களும் மனிதர்கள் என்று நாங்கள் நினைத்ததே இல்லை. கடைசியில் அத்தைதான் அவரிடம், "அந்தக் காலத்துல பிள்ளைக்கு ஒண்ணுன்னா நான் டிரெசர்கிட்ட தூக்கிட்டு ஓடல? இப்ப டிரெசர் ஈப்போவுல இருக்காரு, கூட்டிட்டுப் போ" என்றார். டிரெசர் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரி மருத்துவ உதவியாளர். அவர் லோரிக்கு ஒரு நாள் லீவு போட்டு, தானே கூட்டிப்போனார்.

முறை கிடைக்கச் சில வாரம் ஆனது. மாத்திரை எதுவும் தரவில்லை. சில பிள்ளைகளுக்குத் தேவைப்படும், இவனுக்கு இப்போது வேண்டாம் என்றார்கள். மனோவியல் நிபுணர் ஒருவர் அவனை ஓர் ஏணி வரையச் சொன்னார். அடிப்படி, பள்ளிச் சீருடை போட்டு வேனில் உட்காருவது. உச்சிப்படி, வகுப்பில் எழுந்து நின்று வாசிப்பது. நடுவில் ஆறு படிகள் அவனே எழுதினான். முதல் வாரம் மற்ற பிள்ளைகளையெல்லாம் இறக்கிவிட்டுப் பள்ளி வாசலில் வேனை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பதினைந்து நிமிடம். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக விட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இருவரும் சேர்ந்து விடுவோம். வேன் கண்ணாடி மூடுபனி போல மங்கும். மூன்றாம் நாள் பள்ளிக் காவலாளி ஜாகா வந்து தட்டி என்ன பிரச்சினை என்று கேட்டார், சொன்னேன். மறுநாளிலிருந்து அவர் தம்பியைப் பார்த்துக் கையசைப்பார். அடுத்த வாரம் கவுன்சலிங் ஆசிரியை அறை வரை. அவர் மலாய்க்காரர், தங்கமான மனுஷி. தினமும் ஐந்து நிமிடம் அவருக்கு மட்டும் ஒரு பத்தி வாசித்துக் காட்டினான். கேலி செய்த பையன்களைக் கூப்பிட்டுப் பேசியதும் அவர்தான். வாசிப்பு ஆசிரியரும் முன்கூட்டியே எந்தப் பத்தி என்று சொல்லிவிட ஒத்துக்கொண்டார்.

நடுவில் நான் அவன் கைப்பேசியைப் பிடுங்கி வைத்திருந்தேன், அதையும் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். இரவு ஒன்பதரைக்கு மேல் வேண்டாம், தூக்கம் கெடும், அது சரி. ஆனால் அவன் அதில் மொபைல் லெஜெண்ட்ஸ் ஆடியது பழைய மூன்று சிநேகிதர்களோடு. பகலில் கிடைக்காதவர்கள் அங்கேதான் கிடைத்தார்கள். பிடுங்குவதற்கு முன் யாரோடு ஆடுகிறாய் என்று ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கலாம்.

செப்டம்பர் வாக்கில் உச்சிப்படி ஏறினான். இப்போது படிவ வகுப்பில் ஒழுங்காகப் படிக்கிறான். பள்ளி விடுமுறை முடிந்து திறக்கும் முதல் நாள் இன்னும் வயிறு கொஞ்சம் இறுகும். வந்தால் சொல்கிறான்.

மிஸ்ஸி ஒரு நாள் சொன்ன கணக்கையும் எழுதிவிடுகிறேன். சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வில் 2019-இல் 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளில் 7.9 விழுக்காட்டினருக்கு மனநலச் சிக்கல் இருந்தது. 2023-இல் அது 16.5. ஆறு பேரில் ஒருவர். என் வேனில் பன்னிரண்டு பேர். அன்றிலிருந்து கண்ணாடியில் பின்னால் பார்க்கும்போதெல்லாம், அந்த இரண்டு பேர் யார் என்று தேடுகிறேன்.

தேடும்போது பிள்ளையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதில்லை, போன மாதம் அவனே எப்படி இருந்தான் என்பதோடுதான் ஒப்பிடுகிறேன். பிறந்ததிலிருந்தே துறுதுறுப்பான பிள்ளை துறுதுறுவென்று இருந்தால் எனக்குப் பயமில்லை. துறுதுறுப்பான பிள்ளை அடங்கிப்போனால் பயம். சோதனை வாரத்தில் எரிந்து விழுந்தால் அடுத்த வாரம் சரியாகிவிடும். இரண்டு வாரம் தாண்டியும் அப்படியே இருந்து, வீடு, பள்ளி, விளையாட்டு என்று ஒவ்வொன்றாகத் தொட்டால், தூக்கமும் சாப்பாடும் மாறினால், டாக்டரிடம் போக அது போதும். பெரியவர்களுக்கு மனச்சோர்வு வந்தால் சிலர் அழுவார்கள். பிள்ளைகளுக்கு அது பல நேரம் கோபமாக வரும், அதனால் அடிதான் வாங்குவார்கள். அமைதியாக இருக்கும் பெண்பிள்ளைகளைப் பற்றி எனக்கு இன்னும் கவலை. யாரும் புகார் சொல்லாததால் யாரும் பார்ப்பதில்லை. "நல்ல பிள்ளை, இருக்கிற இடமே தெரியாது" என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்கிறது.

சாவைப் பற்றிப் பேசினால், நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி என்று சொன்னால், ஆசையாக வைத்திருந்த பொருளையெல்லாம் தானம் கொடுத்தால், இந்த வெயிலில் நீளக்கை சட்டையைக் கழற்ற மறுத்தால், இரண்டு வாரமெல்லாம் காத்திருக்க வேண்டாம். அன்றே பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று நம் ஆட்கள் மறைத்தது ஒரு காலம். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டத்தை 2023-இல் நீக்கிவிட்டார்கள். நேரே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. வீட்டில் களைக்கொல்லி, மாத்திரை இருந்தால் பூட்டி வையுங்கள். போனில் பேச வேண்டுமென்றால் 15555, அரசாங்கத்தின் ஹீல் லைன். பிஃப்ரெண்டர்ஸ் என்ற தொண்டு அமைப்பு 03-7627 2929. பிள்ளையை யாராவது துன்புறுத்துகிறார்கள் என்றால் 15999.

இனி பாப்பாவின் அம்மாவுக்கு. தங்கச்சி, உங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு முன்புதான் தம்பிப் பாப்பா பிறந்தான். அத்தையிடம் சொன்னேன், "சவலை பாஞ்சிருக்கும்" என்றார். இருக்கலாம். பள்ளியில் ஏதாவது நடந்திருக்கலாம். நீர்த்தாரையில் கிருமி இருந்தாலும் பிள்ளை படுக்கையை நனைக்கும், அதனால் இந்த வாரமே கிளினிக்கில் சிறுநீர் சோதனை செய்துவிடுங்கள். மிஸ்ஸியிடம் நான் பேசிவிட்டேன், வியாழக்கிழமை அவர் இருப்பார். யாராவது அவளைத் தொட்டுத் தொந்தரவு செய்தார்களா என்பதையும், மிரட்டாமல், குளிப்பாட்டும்போது மெதுவாகக் கேளுங்கள். என் வேனில் என்றாலும் கேளுங்கள், நான் வருத்தப்பட மாட்டேன். நனைந்த படுக்கைக்குத் திட்ட வேண்டாம், அவள் வேண்டுமென்று செய்யவில்லை. சின்னவனைப் பாட்டியிடம் கொடுத்துவிட்டு, தினமும் கால்மணி நேரம் அவளை மட்டும் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு 555 புத்தகம் வாங்கி வேன் டாஷ்போர்டில் வைத்திருக்கிறேன், உங்களுக்குத்தான். எந்த இரவு நனைந்தது, எந்தக் காலை அழுதாள், அதற்கு முந்தின நாள் என்ன நடந்தது, அவ்வளவு எழுதினால் போதும். முன் சீட்டும் இப்போது காலியாகத்தான் இருக்கிறது, பாப்பா என் பக்கத்தில் உட்காரட்டும். திங்கட்கிழமை ஆறே காலுக்கு ஹாரன் அடிக்கமாட்டேன். வேனை நிறுத்திவிட்டு இறங்கி வாசலுக்கு வருகிறேன்.